வடிதுணியில் ஒன்றுமில்லை

அப்பாண்டை யாரையும் நம்ப மாட்டார்.

உப்பு வண்டிகள் போகும் பெருவழியில், சுங்கச் சாவடியில் இருபது வருஷம் உட்கார்ந்தவர். மூட்டைக்குள் குத்தூசியை இறக்கி, உப்புக்கு நடுவே மிளகு ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. பாதி நாள் மிளகு இருக்கத்தான் செய்தது. அதனால் மனிதர்களைப் பற்றி அவருக்கு ஒரு முடிவான கருத்து உண்டாகியிருந்தது.

மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டை மகளுக்கு எழுதி வைத்துவிட்டு, மலைமேல் இருந்த சமணப் பள்ளிக்கு வந்தார். அங்கே துறவியாக இருந்த நாவலூர்க் குரத்தியாரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். குரத்தியாருக்கு அவரைவிட வயது குறைவு. அது அவரைக் கொஞ்சம் உறுத்தியது. பொழுது சாய்ந்தபின் இந்த அம்மாள் உண்மையிலேயே ஒன்றும் சாப்பிடுவதில்லையா என்று பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து வேவு பார்த்தார். குரத்தியார் ஒன்றும் சாப்பிடவில்லை. கொசுதான் அப்பாண்டையைச் சாப்பிட்டது.

மலையில் குடிக்க ஒரே ஒரு சுனை. பாறைக் கூரைக்கு அடியில், காலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அடியில் கிடக்கும் கற்களும், கல்லிடுக்கில் நெளியும் பாசிக்கொடியும் மேலேயிருந்தே தெரியும்.

பள்ளியில் தண்ணீரை மொண்டு அப்படியே குடிக்கிற வழக்கமில்லை. துணியை இரட்டையாக மடித்து வடிக்க வேண்டும். துணியில் தங்குகிற சிற்றுயிர்களை, எந்த நீரிலிருந்து வந்தனவோ அந்த நீரிலேயே அலசி விட வேண்டும். தேவமதி என்கிற மாணாக்கி தினமும் அதைச் செய்வாள். கடுகில் கால்வாசிகூட இல்லாத புள்ளிகள் ஈரத்துணியில் கிடந்து துள்ளும். அவற்றுக்குத் துள்ளி என்று அவளே பேர் வைத்திருந்தாள். "போங்க, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிச் சுனையில் அலசுவாள்.

அப்பாண்டைக்கு இதுவும் உறுத்தியது.

"வடிச்ச அழுக்கைத் திரும்ப நல்ல தண்ணியிலயே கொட்டறோமே, அம்மா?"

"அழுக்குன்னு யார் சொன்னது?" என்றார் குரத்தியார்.

"கண்ணுக்கே தெரியுதே."

"சரி, தெரிஞ்சுட்டுப் போகட்டும்."

அந்தப் பங்குனியில் ஊர் ஏரி வற்றியது. ஊரே கூடையும் கையுமாக ஏரிக்குள் இறங்கியது. அந்தப் பக்கம் போன அப்பாண்டை, சேற்றில் வாய் பிளந்து துடிக்கிற கெண்டைக் குஞ்சுகளைப் பார்த்தார். சுங்கக்காரனுக்கு நெஞ்சு கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அவர் எல்லாருக்கும் முன்னால் அழுதார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு குடம் குஞ்சுகளை வாங்கி, உச்சி வெயிலில் மலையேறி, சுனையில் விட்டார். குஞ்சுகள் நீந்திப் போனபோது அவருக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

தேவமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரில் அவர் பேரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். குரத்தியார் மட்டும் சுனையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார். இவ்வளவுதானா என்று அப்பாண்டைக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வைகாசியில் சுனையின் நிறம் மாறியது.

முதலில் கீரை அலசின தண்ணீர் மாதிரி இருந்தது. பிறகு பச்சை தடித்தது. அடிக்கல் மறைந்தது, பாசிக்கொடி மறைந்தது. எத்தனை மடிப்பில் வடித்தாலும் பச்சை துணியைத் தாண்டி வந்தது. குடித்தால் தொண்டை அரித்தது. தேவமதி வாந்தியெடுத்துப் படுத்தாள்.

குரத்தியார் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆடி பிறந்தா மழைக்கால நோன்பு. நாலு மாசம் மலையை விட்டு இறங்கக் கூடாது. ஈர மண்ணுல ஊர்ற உயிரையெல்லாம் மிதிச்சுடுவோம். இந்தத் தண்ணியை வச்சுக்கிட்டு நாலு மாசம் இருக்க முடியாது. ஆடிக்குள்ள தெளியலைன்னா மலையை விட்டுக் கிளம்பிடலாம்."

அப்பாண்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வயதில் இன்னோர் ஊர், இன்னோர் இடமா? செத்தால் இந்தப் பாறையில்தான் என்று முடிவு செய்து வந்தவர் அவர். இங்கே வந்தபின்தான் ராத்திரி தூக்கம் என்று ஒன்று அவருக்கு வந்தது. அதையும் யாரோ பறிக்கப் பார்க்கிறார்கள்.

"தண்ணி தானாக் கெடாது அம்மா. யாரோ கை வச்சிருக்காங்க. யாருன்னு பிடிச்சுத் தரேன்."

குரத்தியார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

முதல் சந்தேகம் தேவமதியின்மேல் விழுந்தது. வடிப்பதும் அலசுவதும் அவள்தானே.

"துணியைக் காட்டு. கிழிஞ்சிருக்கா?"

"கிழியலைண்ணா. ஆனா ஒண்ணு சொல்லணும். இப்பல்லாம் துணியில எதுவுமே விழறதில்ல. ஒரு துள்ளிகூட இல்ல."

அப்பாண்டை துணியை வெயிலுக்கு நேரே பிடித்து, இழை இழையாகப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை.

"விழலைன்னா நல்லதுதானே? உனக்கு அலசற வேலை மிச்சம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

வாழ்நாளெல்லாம் மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்த மனுஷர், இந்த ஒரு மூட்டையைக் குத்தாமலே அனுப்பிவிட்டார்.

அடுத்த சந்தேகம் கூத்தன்மேல். கூத்தன் மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவன். பாதி மலையில் பாறைக்குழி ஒன்றை ஆழப்படுத்தி, மழைத்தண்ணீர் தேங்க வைத்து, ஆடுகளுக்குக் காட்டி வந்தான். தான் குடிக்க வருவானே தவிர, சுனைப் பக்கம் ஆடுகளை ஓட்டி வருவது அபூர்வம். ஆனால் சுனைக்குப் பக்கத்தில் மென்று துப்பிய மருக்காரைக் காய்த் தோல் கிடந்தது. அந்தக் காயை இடித்துக் குட்டையில் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

"கூத்தா, இது என்ன?"

"மருக்காரைக் காய்த் தோலு, சாமி. ஏதாவது ஆடு மென்னு துப்பியிருக்கும்."

"இதைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"மீனு மயங்கும். தெரியாதவன் யாரு? ஆனா உங்க மீனு மயங்கலயே சாமி. கொழுகொழுன்னு இல்ல சுத்துது?"

"மெதுவாக் கொல்ற மாதிரி எதையாவது கலந்திருப்ப."

"எனக்கு எதுக்கு சாமி அந்த வேலை?"

"அதைத்தான் நானும் உன்னைக் கேக்கறேன்."

கூத்தன் வாயடைத்து நின்றான். குற்றம் செய்தவன்தான் வாயடைத்து நிற்பான் என்பது சாவடியில் அப்பாண்டை கற்ற பாடம்.

அன்றிலிருந்து அவர் சுனையைக் காவல் காத்தார். விடிகிற நேரத்தில் ஒரு காட்சி கண்டார். கெண்டைகள் எல்லாம் மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. வெயில் ஏறியதும் கீழே போய்விட்டன. இரண்டு மட்டும் போகவில்லை. வயிற்றைக் காட்டி மிதந்தன.

அவர் காப்பாற்றிய மீன்கள். அப்பாண்டைக்கு ரத்தம் கொதித்தது. செத்த மீன்களை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே ஊருக்கு இறங்கினார். சுங்கத்தில் இருந்தவர் பொய் சொல்வாரா என்று ஊர்ப் பெரியவர்கள் அதிகம் விசாரிக்கவில்லை. கூத்தனும் அவன் ஆடுகளும் இனி மலையேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் குடிக்கிற தண்ணியில நான் ஏன் சாமி கை வைக்கப் போறேன்?" என்று கூத்தன் ஒரே ஒரு தடவை கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆனி பிறந்தது. கூத்தன் போய் நாளாகியும் சுனை தெளியவில்லை. இன்னும் தடித்தது. வழித்தெடுத்தால் கையில் ஒட்டியது.

அப்பாண்டை பாறையில் உட்கார்ந்து யோசித்தார். கூத்தனும் இல்லை. தேவமதியோ அந்தத் தண்ணீரைக் குடித்துப் படுத்து, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். மலையில் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த நினைப்பு வந்ததும் அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. பட்டணத்தில் புதிதாகக் கல்மண்டபம் கட்டியிருந்த வணிகர்கள் குரத்தியாரை அங்கே வந்து இருக்கும்படி இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் இப்படிக் கிடக்கிறது, இந்த அம்மாள் ஒரு வார்த்தை கலங்கிப் பேசவில்லை. விடியற்காலையில் சுனையோரம் போய்த் தனியாக நின்று குனிந்து பார்ப்பதை அவரே கண்டிருக்கிறார்.

மறுநாள் கேட்டே விட்டார்.

"அம்மா, உங்களுக்குப் பட்டணம் போக ஆசை இருக்கா?"

"ஏன் கேக்கறீங்க?"

"தண்ணி கெட்டாத்தான் மலையை விட முடியும். உங்களுக்கு அது நல்ல சாக்கு."

தேவமதி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் மகள்கூடப் பார்த்ததில்லை.

குரத்தியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அப்பாண்டைக்கு இருந்தது.

"என்மேலயே சந்தேகம் வந்துடுச்சா? அப்ப நீங்கதான் இந்த வேலைக்குச் சரியான ஆள். ரெண்டு தாழி கொண்டு வாங்க. நான் தொட மாட்டேன். எல்லாம் உங்க கையாலயே செய்யுங்க."

அப்பாண்டை வாயகன்ற இரண்டு மண்தாழிகளை எடுத்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார். இரண்டின் அடியிலும் ஒரு வெள்ளைக் கல்லைப் போட்டு, சுனைத் தண்ணீரை மொண்டு துணியில் வடித்து நிரப்பினார். பச்சைக்குள் கல் இரண்டும் காணாமல் போயின.

"தேவமதி, கூத்தன் வெட்டின குழியில ஒரு கரண்டித் தண்ணி எடுத்துட்டு வா" என்றார் குரத்தியார்.

அவள் கொண்டு வந்த தண்ணீர் பழுப்பாக, புழுக்கை நாற்றத்தோடு இருந்தது.

"ஒரு தாழியில மட்டும் ஊத்துங்க."

"இது ஆடு கால் வச்ச தண்ணி அம்மா. ஊத்தினா இன்னும் கெட்டுத்தானே போகும்?"

"போகட்டுமே. கூத்தன் எதைக் கலந்தான்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க இல்ல, தெரிஞ்சுடும்."

அது அப்பாண்டைக்குப் பிடித்திருந்தது. ஊற்றினார்.

குரத்தியார் ஒரு கணம் கண்ணை மூடினார். "ஒரு தண்ணியில இருக்கிற உயிரை இன்னொரு தண்ணிக்கு மாத்தறது நம்ம வழக்கமில்ல. இந்தக் கரண்டியோட பாவம் என்னைச் சேர்ந்தது."

அப்பாண்டை அதைக் காதில் வாங்கவில்லை. தாழிகளின் வாயை மெல்லிய துணியால் மூடி, சாவடியில் மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வெயில் படும் இடத்தில் தாழிகளை வைத்து, நடுவில் பாயை விரித்துக்கொண்டார். தூங்கும்போதுகூட ஒரு கை ஒரு தாழியின்மேல் இருந்தது.

நாட்கள் போயின. குரத்தியார் அந்தப் பக்கமே வரவில்லை.

ஒரு காலையில் முடிச்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, துணியைப் பிரித்தார். முதல் தாழி பச்சையாகவே இருந்தது. ஆட்டுத் தண்ணீர் ஊற்றிய தாழியில் வெள்ளைக் கல் தெரிந்தது.

அவர் நம்பவில்லை. துணியைப் புரட்டிப் பார்த்தார். தாழியைச் சுற்றி வந்து ஓட்டை தேடினார். தேவமதியைக் கூப்பிட்டு, "நீ மாத்தினியா?" என்று கேட்டார்.

"உங்க முடிச்சு உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

அவர் திரும்பவும் குனிந்தார். வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. தெளிந்த தண்ணீருக்குள் புள்ளி புள்ளியாக எதுவோ துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கரண்டியில் வந்தவை தாழி நிறையப் பெருகியிருந்தன.

"இது என்ன?"

"துள்ளி. நம்ம சுனையில இருந்துதே, அதே துள்ளிதான்."

"இது என்ன பண்ணுது?"

"சாப்பிடுது."

"எதை?"

தேவமதி பக்கத்துத் தாழியைக் காட்டினாள். அப்பாண்டை பச்சைத் தாழியைப் பார்த்தார், தெளிந்த தாழியைப் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப சுனையில இருந்த துள்ளியெல்லாம் எங்க போச்சு?"

அவளுக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து சுனைக்குப் போனார். குரத்தியார் அங்கே கரையில் உட்கார்ந்திருந்தார். அப்பாண்டையின் நிழல் விழுந்ததும் கெண்டைகள் புரண்டன. பச்சைக்குள் வெள்ளி வெள்ளியாக வயிறுகள் மின்னின. பங்குனியில் விரல் பருமன் இருந்தவை இப்போது உள்ளங்கை அகலம் இருந்தன.

"நான் ஒரு பிடி பொரிகூடப் போட்டதில்லையே அம்மா" என்றார் அப்பாண்டை. "எதைத் தின்னு இப்படிக் கொழுத்துச்சு?"

கேட்கும்போதே பதில் அப்பாண்டைக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குடம் தூக்கி மலையேறியபோது நெஞ்சு நிறைந்திருந்ததே, அந்த இடத்தில் இப்போது கனமாக எதுவோ இறங்கியது. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில், "அப்ப மீன்தான் திருடன்" என்றார்.

"அதுக்குப் பசிச்சுது, எதிர்ல இருந்ததைச் சாப்பிட்டுச்சு. துள்ளி போனதும் பச்சை பெருகிப் போச்சு. பச்சை பெருகினதும் அடியில வெயில் போகல. பாசிக்கொடி அழுகிப் போச்சு. இனிமே துள்ளி வந்தாலும் ஒளிய இடமில்ல. விடியக்காலையில மீன் வாயை நீட்டறதைப் பார்த்தீங்களே, அது எதனால?"

"விஷம்னு நெனைச்சேன்."

"இந்தப் பச்சை ராத்திரியெல்லாம் தண்ணியில இருக்கிற மூச்சைக் குடிச்சுடுது. மீனுக்கு மிச்சம் வைக்கிறதில்ல."

அப்பாண்டை முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

"மீன் தண்ணியை மாத்துச்சு. இப்பத் தண்ணி மீனைக் கொல்லுதா?"

"ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார் குரத்தியார். "கீழே மழை பெய்ஞ்சு ஏரியில கொஞ்சம் தண்ணி நிக்குதாம்."

இருக்கிற வடிதுணிகளையெல்லாம் சேர்த்துத் தைத்து வலையாக்கினார்கள். சுனையில் ஒரு பக்கம் அப்பாண்டை, மறுபக்கம் தேவமதி. இழுக்க இழுக்க மீன்கள் நழுவின. ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்று அவர் பொழுது முழுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். கடைசியில் எல்லாம் குடத்துக்கு வந்து சேர்ந்தன.

கிளம்பும்போது குரத்தியார் சொன்னார்.

"கூத்தனைக் கேக்காம ஒரு கரண்டி எடுத்தாச்சு. சுனைக்கு ஒரு குடமாவது வேணும். அது அவன் வெட்டின குழி. அவன்கிட்ட கேட்டுட்டு எடுங்க."

"நான் எப்படி அம்மா அவன் முகத்துல முழிப்பேன்?"

"எனக்கும் தெரியலையே, ஐயா."

கூத்தன் ஏரிக்குப் போகிற வழியில் முள்ளுக்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். ஆடுகளின் விலா எலும்பு தெரிந்தது. அப்பாண்டையைக் கண்டதும் கோலைக் குறுக்கே நீட்டினான்.

"அங்கயே நில்லுங்க சாமி. குடத்துல என்ன?"

"மீனு. ஏரியில விடப் போறேன்."

"தொறங்க."

கூத்தன் குனிந்து பார்த்தான். கையை விட்டுத் துழாவினான். எடுத்து மோந்தான்.

"தோள்ல இருக்கிற மூட்டையில?"

"ஈரத்துணி."

"பிரிங்க."

அப்பாண்டை பிரித்து, உதறிக் காட்டினார். எத்தனையோ பேரை இப்படி வெயிலில் நிறுத்தி வைத்தவர் அவர். நிறுத்தப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை. காது மடல்வரை சூடு ஏறியது.

"இப்ப என்ன பழி கொண்டு வந்திருக்கீங்க?"

"சுனையைக் கெடுத்தது நீ இல்ல, கூத்தா."

"அது எனக்கு அப்பவே தெரியும்."

"நான்தான் கெடுத்தேன். இந்த மீனை விட்டேன் பாரு, அதுல வந்த வினை."

நடந்ததை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். கூத்தன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுல ஏதாவது சூது இருக்கா?"

"இல்ல."

"நான் இல்லன்னப்போ நீங்க நம்பினீங்களா?"

அப்பாண்டை தலையைக் குனிந்துகொண்டார். ஆடு ஒன்று வந்து அவர் ஈரத்துணியை இழுத்துச் சப்பியது. அவர் விரட்டவில்லை.

"உன் குழித் தண்ணி ஒரு குடம் வேணும்" என்றார்.

"ஆட்டுத் தண்ணியா?"

"அதுல இருக்கிற துள்ளி வேணும். அது வந்தாத்தான் சுனை தெளியும். நாங்க மலையில இருக்க முடியும்."

"நான் மலையேறக் கூடாதுன்னு ஊர்ல சொல்லியிருக்கே. சொல்ல வச்சவரே நீங்கதான்."

"வா. ஊரைக் கூட்டிச் சொல்றேன்."

மீனை ஏரியில் விட்டுவிட்டு, அப்படியே ஈர வேட்டியோடு ஊர்ப் பொதுவில் போய் நின்று சொன்னார். பெரியவர்களில் ஒருவர், "கும்பிட்டோமே ஐயா உங்களை" என்று சிரித்தார். இன்னொருவர், அப்படியானால் மெதுவாகக் கொல்கிற விஷம் என்று ஏன் சொன்னீர் என்று கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கூத்தன் கோலை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஊர் தடையை நீக்கியது. இருவரும் மலையேறிக் குழியில் குடத்தை நிரப்பியபின் அப்பாண்டை தூக்கக் குனிந்தார். கூத்தன் தடுத்தான்.

"நானே தூக்கியாரேன். நானே ஊத்தறேன். நீங்க பக்கத்துல நின்னு நல்லாப் பார்த்துக்குங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா திரும்ப என்னைத்தான் சொல்வீங்க."

ஊற்றினான். அப்பாண்டை பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு யாராலும் செய்ய ஒன்றுமில்லை. சுனை முதலில் மாறவேயில்லை. இனி தெளியாது, துள்ளிகள் செத்திருக்கும் என்று அப்பாண்டை விடியவிடியப் புலம்பினார். குரத்தியார் நடக்கும் வழியில் சிற்றுயிர்களை ஒதுக்கும் தன் மயிற்பீலியையும் இருந்த இரண்டு ஏடுகளையும் ஒரு துணியில் கட்டி வைத்துவிட்டார். புறப்பட வேண்டியிருந்தால் புறப்படலாம் என்று.

ஆனி முடிகிற நேரத்தில் பச்சை வெளுத்தது. பிறகு ஒரு காலை, சுனையின் ஓரத்தில் ஒரு கல் மங்கலாகத் தெரிந்தது. நடுவில் இன்னும் தெரியவில்லை. தேவமதி தண்ணீரை வடித்துவிட்டுத் துணியைத் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அண்ணா, வந்துடுச்சு. துணி முழுக்கத் துள்ளி."

குரத்தியார் மூட்டையை அவிழ்த்தார்.

கூத்தனின் ஆடுகள் மறுபடி சரிவில் மேய்ந்தன. தேவமதியைக் கண்டால் அவன் நின்று பேசுவான். அப்பாண்டையைக் கண்டால் ஆடுகளை வேறு பக்கம் திருப்புவான். திருப்பட்டும் என்று அப்பாண்டையும் ஒதுங்கி வழிவிடுவார்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள், அவர் குரத்தியாரிடம் வந்து உட்கார்ந்தார்.

"நான்தான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மா?"

"மீன் விட்ட அன்னிக்குத் தெரியாது. துணியில ஒண்ணும் விழலைன்னு தேவமதி என்கிட்டயும் சொன்னப்போ ஒரு நெனப்பு வந்துது. காலையில போய்ப் போய்ப் பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அப்பாண்டை யோசித்துப் பார்த்தார். நம்பியிருக்க மாட்டார். தன் புண்ணியத்தைக் கண்டு இந்த அம்மாளுக்குப் பொறாமை என்றுதான் நினைத்திருப்பார்.

"அதுக்குள்ள கூத்தனைத் துரத்திட்டேனே."

"அதைத் தடுக்காதது என் தப்பு. அவன்கிட்ட நானும் மன்னிப்பு கேட்டுக்கிட்டேன்."

அப்பாண்டை கையைக் கூப்பினார்.

"இன்னியோட விட்டுட்டேன் அம்மா. இனிமே எதையும், யாரையும் சந்தேகப்பட மாட்டேன்."

"அதை ஏன் விடறீங்க?" என்றார் குரத்தியார். "தண்ணி கெட்டதும் இது யார் வேலைன்னு மலை முழுக்கத் தேடினீங்க. அதுக்கு முன்னாடி இத்தனை காலம் தெளிஞ்சே கிடந்துதே, அது யார் வேலைன்னு ஒருநாளாவது சந்தேகப்பட்டீங்களா?"